ஆடாமல் நின்ற எண்

1

குடியாத்தத்தில் ரயில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் பெங்களூர். "இதையெல்லாம் வெளியூர் வாழ்க்கைன்னு எழுதலாமா? துபாய்ல இருக்கிறவன் எழுதினா அர்த்தம் இருக்கு" என்று என் அண்ணனே கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, டவுன் பஸ்ஸில் என் முன்னால் நின்றவரிடம் "ஸ்வல்ப தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டேன். 'கொஞ்சம்' என்று வர வேண்டிய இடத்தில் கன்னடம் வந்துவிட்டது. அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்த ஊர்க்காரி இவள் என்கிற பார்வை. மூன்றரை மணி நேரத் தூரத்துக்கு அந்தப் பார்வை போதும்.

இந்த மார்ச்சோடு நான் இங்கே வந்து பத்து வருஷம் ஆயிற்று. ஐந்து வீடு மாறியிருக்கிறேன். எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க மனம் வந்ததில்லை. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் மாட்டுவேன். வந்த பத்து வருஷத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், இந்த வருஷம் நடந்த ஒரு காரியம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுதி முடிக்காமல் வேறெதையும் எழுத முடியாது போலிருக்கிறது.

2

93-ல் நான் வந்தபோது காவிரிக் கலவரம் ஓய்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் ஜீவனஹள்ளியில் எனக்கு வாடகைக்கு அறை கொடுத்த அம்மா, அவரே தமிழ்க்காரர், முதல் நாளே சொன்னார்: "பஸ்ல சத்தமா தமிழ் பேசாதேம்மா. பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுக்கோ." நான் இருபத்துநாலு வயதுக்காரி. மூன்று பேர் மட்டும் இருந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. யாருக்கு என்ன ப்ரோகிராம் வேண்டுமோ எழுதிக் கொடுப்போம்.

அப்படி எழுதிக் கொடுத்ததில் ஒன்று, என் அறையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்கு. ரத்தப் பைகளை இரண்டிலிருந்து ஆறு டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டரிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்கு வரும். என் ப்ரோகிராம் அதைப் படித்துத் திரையில் காட்டும். நிமிஷத்துக்கு ஒரு தரம் பிரிண்டரில் பதியும். ஆறைத் தாண்டினால் மணி அடிக்கும். அவ்வளவுதான்.

அங்கே லேப் டெக்னீஷியனாக இருந்தவள் ஸ்டெல்லா. கோலார் தங்கவயல்காரி. காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புவாள். அந்தக் கட்டடத்தில் என்னிடம் தமிழில் பேசியவள் அவள் ஒருத்திதான். என்னைவிட இரண்டு வயது சின்னவள். முதல் நாளே, "அக்கா, நீங்க சாப்டாம வேலை பண்ணிக்கினு இருக்கீங்க" என்று அவள் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

அப்போது ஒரு தொல்லை இருந்தது. பெட்டியைத் துடைக்க வருகிறவர்கள் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். திரையில் கண்டதெல்லாம் ஓடும். டாக்டர் கத்துவார். நான் ஒரு வழி செய்தேன். வயரிலிருந்து பதில் வராமல் தவறு வந்தால், கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிரு, யாராவது அணைத்துப் போடும்வரை வயரைத் தொடாதே என்று எழுதிவிட்டேன். திரை சுத்தமாயிற்று. டாக்டர் பாராட்டினார். துடைத்து முடித்ததும் மெஷினை ஒரு தரம் அணைத்துப் போட வேண்டும் என்று ஸ்டெல்லாவிடம் மட்டும் சொல்லி வைத்தேன். அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.

அந்தக் கம்பெனி மூன்று வருஷத்தில் மூடிவிட்டது. நான் எழுதிய மூல வரிகள் இருந்த ஃப்ளாப்பிகள் எங்கே போயின என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருந்த பிரதி ஒன்றுதான் மிச்சம். அதை ஓட்டலாம், திருத்த முடியாது.

3

இப்போது நான் வேலை செய்வது பெரிய கம்பெனி. பாங்குகளும் டெலிபோன் கம்பெனிகளும் வாங்கும் பெரிய மெஷின்களுக்கான ஆபரேட்டிங் சிஸ்டம் செய்கிறோம். என் வேலை அதன் அடியில் இருக்கும் கெர்னலில். ஊரில் யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன்: எந்தப் ப்ரோகிராமும் மெஷினை நேராகத் தொட முடியாது. டிஸ்க்கில் எழுதவோ வயரில் வருவதைப் படிக்கவோ கெர்னலிடம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது, என்ன பதில் வரும் என்பதற்கு முறை இருக்கிறது. அந்த முறையை மாற்றினால், அதை நம்பி எழுதிய ப்ரோகிராமெல்லாம் விழுந்துவிடும்.

எங்கள் கெர்னலில் இரண்டு முறைகள் இருந்தன. எண்பதுகளில் வந்த பழையது ஒன்று, பிறகு வந்த புதியது ஒன்று. பழைய முறைக்கான வரிகள், ஒரே ப்ராசஸர் இருந்த காலத்தில் எழுதியவை. இப்போது ஒரு மெஷினில் எட்டு இருக்கின்றன. யாரோ ஒருவர் பழைய முறையில் ஒன்றைக் கேட்டால், மற்ற ஏழும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைத் தொடவே எல்லோருக்கும் பயம். ஒன்றைத் திருத்தினால் இரண்டு உடையும். அதை எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகி, பொறுப்பு எனக்கு வந்தது.

எடுப்பதென்றால் வெட்டிப் போடுவதல்ல. பழைய ப்ரோகிராம்களுக்கு ஒன்றும் தெரியக் கூடாது. பழைய முறையில் வரும் கேள்வியைப் புதிய முறைக்கு மாற்றிக் கொடுத்து, வரும் பதிலைப் பழைய முறைக்கு மாற்றித் திருப்பித் தர ஒரு மெல்லிய அடுக்கு எழுதினேன். பழைய கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் பார்த்து எட்டு மாதம் எழுதினேன். அதில் சொன்ன ஒன்றையும் விடவில்லை. நாலாயிரம் வரி போய் முந்நூறு வரி வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

கடைசியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். "இந்த மாற்றத்தால் பாதிக்கப்படுவோர்" என்று ஒரு கட்டம். எல்லா வாடிக்கையாளருக்கும் கடிதம் அனுப்பியிருந்தோம்; ஒருவரும் பதில் போடவில்லை. பதில் போடாதவர்களைப் பாதிக்கப்படாதவர்கள் என்று எழுதுவது வழக்கம். அடுத்த கட்டம்: "உண்மையான பழைய ப்ரோகிராமில் சோதித்தீர்களா?"

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா போன் செய்தாள். ரத்த வங்கியின் பழைய மெஷின் சாகக் கிடக்கிறது, ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். எங்கள் ஆபீஸில் கழித்துப் போட்ட மெஷின்களில் ஒன்றை அனுமதி வாங்கி நானே ஆட்டோவில் கொண்டுபோனேன். அதில் வெளியீட்டுக்குத் தயாராக இருந்த எங்கள் புதிய கெர்னல் இருந்தது. ரத்த வங்கியின் பழைய மெஷினில் ஓடியதும் எங்கள் சிஸ்டத்தின் பழைய பதிப்புதான். என் பழைய ப்ரோகிராமை அதில் போட்டேன். ஓடியது. 4.1 என்று காட்டியது. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்டெல்லா டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தாள்.

மறுநாள் படிவத்தில் எழுதினேன்: ஆம், பத்து வருஷப் பழைய ப்ரோகிராமில் சோதிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

4

ஒரு வாரம் கழித்து ஸ்டெல்லா மறுபடி போன் செய்தாள்.

"அக்கா, அந்த நம்பர் ஆடவே மாட்டேங்குது. முன்னெல்லாம் மூணு எட்டு, நாலு ரெண்டுன்னு ஏறிக்கினு எறங்கிக்கினு இருக்கும். இப்ப நாலு ஒண்ணுலயே நிக்குது."

நான் அப்போது வெளியீட்டு வேலையில் மூழ்கியிருந்தேன். "நல்ல மெஷின் ஸ்டெல்லா. அதான் நிதானமா இருக்கு" என்று சிரித்தேன். இந்த வாக்கியத்தை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. கெர்னல் வேலை செய்கிற ஒருத்தி சொல்கிற பேச்சா அது?

அன்று சாயங்காலம் வீட்டில் இன்னொரு போன். அம்மா குடியாத்தத்திலிருந்து பேசினாள். என் மகள் அபிராமிக்கு எட்டு வயது. பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் கன்னடம், வீட்டில் மட்டும் தமிழ். பாட்டியிடம், "ஹோம்வர்க் இருக்கு பாட்டி, நான் ஆமேலே பேசறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அம்மா என்னிடம், "யாரு மேலேடி பேசப் போறா?" என்று கேட்டாள். 'ஆமேலே' என்றால் கன்னடத்தில் 'அப்புறம்' என்று விளக்கினேன். அம்மா சிரிக்கவில்லை. "அவளை எங்ககிட்ட ரெண்டு மாசம் விடு" என்றாள். அதற்கும் நான், "சரியாயிடும்மா" என்றேன். எல்லாவற்றையும் தள்ளிவிடுகிற மனநிலையில் இருந்தேன் அப்போது.

ஏப்ரலில் வெயில் ஏறியது, கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆபீஸ் போனில் ஸ்டெல்லா. அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

"உங்க கம்ப்யூட்டர் பொய் சொல்லுது. வந்து பாருங்க."

போனேன். திரையில் 4.1. பெட்டியின் கதவைத் திறந்து என் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். குளிரே இல்லை. ஸ்டெல்லா சந்தேகப்பட்டு வைத்திருந்த கண்ணாடித் தெர்மாமீட்டர் பதிமூன்று காட்டியது. முந்தைய நாள் கரண்ட் போய் வந்தபோது கம்ப்ரஸர் எரிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் யு.பி.எஸ். பேட்டரியில் அணையாமல் ஓடியிருக்கிறது. மணி அடிக்கவே இல்லை. பிரிண்டர் நிமிஷத்துக்கு ஒரு தரம் 4.1, 4.1 என்று இரவெல்லாம் பதிந்து தள்ளியிருந்தது.

பைகளையெல்லாம் அவள் ஏற்கெனவே தனியே எடுத்துச் சிவப்பு மையில் குறி போட்டு வைத்திருந்தாள். ஒன்றும் உதவாது.

"காலையில பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. ரெண்டு பை கேட்டாங்க. எடுத்துக் கையில புடிச்சேன்க்கா. சூடா இருந்திச்சி. குடுக்க மாட்டேன்னுட்டேன். டாக்டர் ஸ்க்ரீனைக் காட்டி, நாலு டிகிரி இருக்குதே, குடுன்னு கத்தறாரு. மாட்டவே மாட்டேன்னு நின்னேன். வேற ஆஸ்பத்திரிலேர்ந்து ஆட்டோவுல கொண்டாந்தாங்க. அதுக்குள்ள அந்தப் பொண்ணு வெளுத்துப் போயிட்டா."

"இப்போ?"

"பொழைச்சிக்கினா. அவ புருஷன் அங்கதான் உக்காந்துகினு இருக்கான். போய்ப் பாக்கறீங்களா?"

நான் போகவில்லை. போகும் தைரியம் இல்லை.

5

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள்தான் ஆயிற்று. ப்ரோகிராம் தெர்மாமீட்டரின் பதிலுக்குக் காத்திருக்கும்போது, பிரிண்டரில் பதியச் சொல்லி நிமிஷத்துக்கு ஒரு தரம் டைமர் அடிக்கும். பழைய கெர்னல் அந்த டைமர் வேலையை முடித்துவிட்டு, ப்ரோகிராமிடம் ஒன்றும் சொல்லாமல் மறுபடி காத்திருக்க வைத்துவிடும். புதியது அப்படியல்ல, 'நடுவில் தடங்கல்' என்று தவறு சொல்லித் திருப்பி அனுப்பும். 93-ன் இருபத்துநாலு வயதுக்காரி, தவறு என்றால் வயர் பிடுங்கப்பட்டது என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். ஆகவே கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது, முதல் நிமிஷத்திலிருந்தே. புது மெஷின் வந்ததிலிருந்து துடைக்க வந்தவர்கள் வயரைப் பிடுங்கவில்லை, அதனால் யாரும் அணைத்துப் போடவும் இல்லை.

பழைய கெர்னலின் அந்தப் பழக்கம் எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை. எழுதியதையெல்லாம் நான் காப்பாற்றினேன். எழுதாததை நம்பி ப்ரோகிராம் எழுதியவளும் நானேதான்.

என் மேலாளர் ஸ்ரீநாத்திடம் சொன்னேன். மைசூர்க்காரர், கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நோடு, இங்கே பார் வாணி, அவர்கள் நம் வாடிக்கையாளரே இல்லை. கழித்த மெஷினைத் தானமாகக் கொடுத்தோம். நீ ஒரு நாள் லீவு போட்டு அவர்களுக்குப் புதிதாக ஒரு ப்ரோகிராம் எழுதிக் கொடு. வெளியீடு பதினைந்து நாளில் இருக்கிறது. படிவத்தில் கையெழுத்து உன்னுடையது. இதை இப்போது கிளப்பினால் யாருக்கு நஷ்டம், யோசி."

யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. புதுப் ப்ரோகிராமை எழுதியும் விட்டேன், நாற்பது வரிதான். அதை எடுத்துக்கொண்டு ரத்த வங்கிக்குப் போனபோது, ஸ்டெல்லா மேஜை மேல் ஒரு தாளை நகர்த்தினாள். ஆஸ்பத்திரி அவளுக்குக் கொடுத்த மெமோ. இருபத்துமூன்று பைகள் கெட்டதற்கு அவள் கவனக்குறைவே காரணம், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் இருந்திச்சாம். நான்தான் கதவைச் சரியா சாத்தலையாம்" என்றாள். "சுரங்கம் மூடினதிலேர்ந்து எங்க வீட்டுக்காரருக்கு வேலை இல்ல. உங்களுக்கே தெரியும். நான் அழறதுக்குச் சொல்லலக்கா. நம்பர் ஆடலன்னு உங்களுக்குப் போன் பண்ணேன் இல்ல? அதை மட்டும் எழுதிக் குடுங்க."

கேட்டது அவ்வளவுதான். கையில் நாற்பது வரிப் ப்ரோகிராமோடு நின்றுகொண்டிருந்தேன்.

6

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அமெரிக்க ஆபீஸோடு போன் கூட்டம். பக்கத்தில் ஸ்ரீநாத். எதிர்முனையில் கெர்னல் குழுவின் தலைவர் டேவிட். என் முறை வந்ததும், நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பிரசவ வார்டையும் சொன்னேன். அந்தப் ப்ரோகிராம் நான் எழுதியது, பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டதும் நான் என்று சொன்னேன். ஸ்ரீநாத் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி இன்னும் எத்தனை ப்ரோகிராம்கள் வெளியே இருக்கும்?" என்று டேவிட் கேட்டார்.

"தெரியாது."

வெட்டியெடுத்ததைத் திரும்ப வைக்கச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். எட்டு மாத வேலை. அப்படிச் சொல்லவில்லை. "பழைய வரிகள் போனது போனதாகவே இருக்கட்டும். ஆனால் பழைய பழக்கமும் உன் அடுக்கில் வர வேண்டும். எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும். வெளியீடு தள்ளிப் போகட்டும்" என்றார்.

ஐந்து வாரம் தள்ளிப்போயிற்று. அடுக்கைத் திருத்தியது நான். ஆனால் குழுப் பொறுப்பு என்னிடமிருந்து போய், என்னைவிட நான்கு வருஷம் இளையவரிடம் போயிற்று. பழைய ப்ரோகிராம்களைத் தேடிப் பிடித்துச் சோதிக்கும் வேலை எனக்கு. யாரும் திட்டவில்லை, சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வருகிறவர்கள் மட்டும் குறைந்தார்கள்.

ஸ்டெல்லாவுக்கான கடிதம்தான் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. கம்பெனித் தாளில் எழுதக் கூடாது என்று எங்கள் சட்டப் பிரிவு சொன்னது. வெள்ளைத் தாளில் என் பெயரில் எழுதிக்கொண்டு போனேன். கம்பெனி முத்திரை இல்லை என்று ஆஸ்பத்திரி ஆபீஸில் திருப்பினார்கள். நோட்டரியிடம் போய் உறுதிமொழிப் பத்திரமாக வாங்கினேன். கன்னடத்தில் ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். என் கன்னடம் பஸ்ஸுக்கும் காய்கறிக்கும் போதும், எழுத வராது. பள்ளியில் கன்னடப் பாடமும் படிக்கும் அபிராமிதான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். 'பிழை' என்பதற்குக் கன்னடத்தில் 'தப்பு' என்று போட்டவள் நிமிர்ந்து, "யாரோட தப்புமா?" என்று கேட்டாள். "என்னோடது. அப்படியே எழுது" என்றேன். எழுதினாள். அவள் கையெழுத்து அழகாக இருந்தது. அந்த வரியில் 'தப்பு' என்ற ஒரு சொல் மட்டும்தான் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது.

மூன்றாம் முறை போனபோது மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். ஸ்டெல்லா நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "மணி அடிக்குமான்னு பாக்கணும்" என்றாள்.

புது கம்ப்ரஸர் வந்திருந்தது. பைகள் இல்லாத காலிப் பெட்டி. மெஷினில் திருத்திய கெர்னலும் என் பழைய ப்ரோகிராமும். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து, ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்தோம். 3.9. 4.0. 3.9. எண் ஆடியது. பிறகு ஏற ஆரம்பித்தது. ஐந்தில் வெகுநேரம் நின்றது. 5.8. 5.9. 6.0. அடுத்து அடித்தது பாருங்கள், வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் திடுக்கிட்டு நின்றுவிட்டாள்.

ஸ்டெல்லா உடனே நிறுத்தவில்லை. முழுசாக ஒரு நிமிஷம் அடிக்கவிட்டுக் கேட்டாள். பிறகு எழுந்து பிளக்கை மாட்டினாள். "இப்ப அந்தப் புது ப்ரோகிராமைப் போடுங்க. அதையும் பாக்கலாம்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு துண்டுத் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்த முதல் மூன்று வருஷத்தில் இந்த ஊரில் நான் எழுதிக் கொடுத்த ப்ரோகிராம்கள் பதினொன்று. அவற்றில் நாலு இடங்களுக்குத்தான் எனக்கு வழி தெரியும்.

அடுத்த சனிக்கிழமை சிவாஜிநகரில் ஒரு பல் டாக்டரைத் தேடிப் போனேன். அவருக்கு டோக்கன் அடிக்கும் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் இருந்த மாடியில் இப்போது தையல்கடை. வயதான டைலர் ஒருவர், காதில் பென்சில். டாக்டர் இடத்தைக் காலி செய்து ஆறு வருஷம் ஆயிற்றாம். கம்ப்யூட்டரை என்ன செய்தார் என்று கேட்டேன்.

"இங்கதான்மா இருக்குது. வுட்டுட்டுப் போயிட்டாரு" என்று துணிக்கட்டுகளுக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஒரு பொத்தானைத் தட்டி டோக்கன் ஒன்றை அடித்துக் கொடுத்தார். நூற்றுப் பதினேழு. அடியில் இங்கிலீஷில், என் வாசகம்: ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம்.

"கஸ்டமருங்க கேக்கறாங்க, துணி தெக்கறதுக்கு ஏன் சாப்பிடக் கூடாதுன்னு" என்றார். "மாத்த யாருக்கும் தெரியல. ஓடுது, ஓடட்டும்னு வுட்டுட்டோம்."

"கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா பாய்" என்று கேட்டு, துணியை ஒதுக்கிவிட்டு, அதைப் புதிதாக எழுதிக் கொடுக்க அந்த மெஷினின் முன்னால் உட்கார்ந்தேன்.